லேபிளில் 500 மில்லி என்று போடுமுன்: நிகர அளவு விதியும் ஃபில்லிங் மெஷின் தேர்வும்

திரவத்தைப் பாட்டிலில் அடைக்க மெஷின் தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, நிமிடத்துக்கு எத்தனை பாட்டில் ஓடும் என்பதைத்தான். லேபிளில் அச்சிடும் அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று சட்டம் சொல்வதை அதற்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு எண் தெரிந்தால், எந்த மெஷின் வேண்டும் என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

1955-இல் உருவான சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பு, ஆர் 87 என்ற பரிந்துரையில் இதற்கான அடிப்படையை வகுத்திருக்கிறது. ஐரோப்பாவின் 1976-ஆம் ஆண்டு உத்தரவும் இதே போக்கில்தான் செல்கிறது. பரிந்துரை தானாகச் சட்டமாகிவிடாது. விற்கப்போகும் நாட்டின் விதியோடு எண்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

விதியின் சாரம் மூன்று நிபந்தனைகள். ஒரு பேட்ச்சின் சராசரி அளவு, லேபிளில் உள்ள அளவுக்குக் குறையக் கூடாது. ‘அனுமதிக்கப்பட்ட குறைவு’ என்ற எல்லையையும் தாண்டிக் குறைந்த பாட்டில்கள் 2.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த எல்லையைப் போல இரு மடங்கு குறைந்த பாட்டில் ஒன்றுகூடச் சந்தைக்குப் போகக் கூடாது.

அந்த எல்லை பாட்டிலின் அளவைப் பொறுத்து மாறும். 100 முதல் 200 மில்லி வரை 4.5 சதவீதம்; 200 முதல் 300 வரை 9 மில்லி; 300 முதல் 500 வரை 3 சதவீதம்; 500 முதல் 1000 வரை 15 மில்லி; ஒரு லிட்டரிலிருந்து 10 லிட்டர் வரை 1.5 சதவீதம். அதாவது அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் எல்லை ஒன்றேதான், 15 மில்லி. அரை லிட்டரில் நன்றாக ஓடிய மெஷினை அப்படியே ஒரு லிட்டருக்கு மாற்றும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை.

இனி மெஷினுக்கு வருவோம். ஒவ்வொரு மெஷினும் நிரப்பும் அளவு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுகோல் திட்ட விலக்கம். 500 மில்லி பாட்டிலில் அது 2 மில்லி என்றால் கவலையில்லை. சராசரியை 500-க்குக் கொஞ்சம் மேலே வைத்தால் போதும். 10 மில்லி என்றால் கதை வேறு. 485 மில்லிக்குக் கீழே போகும் பாட்டில்களை 2.5 சதவீதத்துக்குள் நிறுத்த, சராசரியைச் சுமார் 505-க்கு உயர்த்த வேண்டும். நாளுக்கு 10,000 பாட்டில் என்றால் 50 லிட்டர் சும்மா போகிறது. மூன்றாவது நிபந்தனையையும் சேர்த்தால் இன்னும் கூடும். திட்ட விலக்கம், அனுமதிக்கப்பட்ட குறைவில் பாதிக்குள் அடங்கும் மெஷினைத்தான் நான் பரிசீலிக்கவே சொல்வேன். விலை குறைந்த மெஷின் மிச்சப்படுத்தும் பணத்தை இந்தக் கூடுதல் திரவம் மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

வகைகளில் அதிகம் குழப்புவது ஓவர்ஃப்ளோ ஃபில்லர். எல்லாப் பாட்டிலிலும் திரவம் ஒரே உயரத்தில் நிற்கும். அலமாரியில் பார்க்க அழகு. ஆனால் அது சமமாக்குவது உயரத்தை மட்டுமே. பாட்டிலின் உட்கொள்ளளவு மாறினால் உள்ளே இருக்கும் அளவும் மாறும். கொள்ளளவு உறுதிசெய்யப்பட்ட அளவைப் பாட்டில்கள் இல்லாவிட்டால், நிகர அளவுக்கு இந்த மெஷினை மட்டும் நம்ப முடியாது. கெட்டியான திரவத்துக்கு, பிஸ்டனால் திரவத்தை இழுத்துத் தள்ளி நிரப்பும் பிஸ்டன் ஃபில்லர் பொருந்தும். ஆனால் உள்ளே சிக்கிய காற்றையும் அது திரவமாகவே கணக்கிடும். பாயும் திரவத்தை அளந்து நிரப்ப உதவும் மின்காந்த ஃப்ளோமீட்டர் மின்கடத்தும் திரவத்துக்கு மட்டும்தான். எண்ணெயை அதனால் அளக்க முடியாது. நுரைக்கும் திரவத்துக்கு, பாட்டிலின் அடியிலிருந்து மேலே எழும்பியபடி நிரப்பும் நாசில் வேண்டும்.

வெப்பநிலையைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கன அளவில் விற்கும் திரவத்தின் அளவை 20 டிகிரி செல்சியஸில் உள்ளபடிதான் கணக்கிடுவார்கள். 80 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரை மிகச் சரியாக நிரப்பினாலும், 20 டிகிரிக்கு ஆறும்போது அது சுமார் 974 மில்லிதான் இருக்கும். 26 மில்லி குறைவு! மெஷினில் எந்தப் பழுதும் இல்லாமலேயே மொத்த பேட்ச்சும் விதியை மீறிவிடுகிறது. சூடாக நிரப்புபவர்கள் எடையை அளந்து நிரப்பும் ஃபில்லரையோ, நிறையை அளக்கும் கொரியோலிஸ் மீட்டரையோ பார்ப்பது நல்லது. 20 டிகிரியில் அந்தத் திரவத்தின் அடர்த்தி என்ன என்று ஒருமுறை சரியாக அளந்துகொண்டால், மில்லியைக் கிராமாக மாற்றிவிடலாம்.

பல ஹெட் (ஒரே நேரத்தில் தனித்தனிப் பாட்டிலை நிரப்பும் முனைகள்) உள்ள மெஷினில் மொத்தச் சராசரியை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். எட்டு ஹெட்டில் ஒன்று அனுமதிக்கப்பட்ட குறைவையும் தாண்டிக் குறைவாக நிரப்பினால், எட்டில் ஒரு பாட்டில், அதாவது 12.5 சதவீதம், குறைபாட்டில் சிக்கும். மற்ற ஏழும் கொஞ்சம் கூடுதலாக நிரப்பினால் சராசரி சரியாகவே காட்டும். இரண்டாவது நிபந்தனையோ உடைந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு ஹெட்டையும் தனித்தனியாகச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், சோதனை ஓட்டத்தை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். திரவம், பாட்டில், மூடி மூன்றும் நீங்கள் பயன்படுத்தப்போவதாகவே இருக்க வேண்டும். லைன் ஓடப்போகும் அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். தண்ணீரை வைத்துக் காட்டும் செயல்விளக்கம் ஷாம்பூவுக்கு எதையும் நிரூபிக்காது. காலிப் பாட்டில்களின் எடையும் ஒன்றுக்கொன்று மாறும் என்பதால், அவற்றை எண்ணிட்டுத் தனித்தனியாக எடை போட்ட பிறகே நிரப்புங்கள். ஒவ்வொரு ஹெட்டிலிருந்தும் தொடர்ச்சியாக 30 பாட்டிலாவது எடுத்து, அதன் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினை ஒரு மணி நேரம் நிறுத்தி மறுபடி ஓட்டும்போது வரும் முதல் பத்துப் பாட்டில்களைத் தனியாக எடை போடுங்கள்; குழாயில் தங்கிய காற்றும் நாசிலின் சொட்டும் அங்கேதான் தெரியும்.