கப தேகியாம், அதனால் தொந்தியாம்!

போன கிழமை பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பிரஷர் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பிக்கு 150க்கு 96. மெஷின் பிழையாக்கும் என்று பத்து நிமிடம் இருத்தி வைத்துக் கையால் பார்த்தால் அதே கதைதான். வயது இருபத்து நாலு. இது ஒருவரோடு நின்றிருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒவ்வொரு அணியிலும் இப்படி ஆட்கள் வருகிறார்கள், அத்தனை பேரும் நாளைக்குச் சித்த வைத்தியர்கள்.

ராத்திரி என்ன சாப்பிட்டீர் என்று கேட்டேன். "கொத்து ரொட்டி, சேர்." எத்தனை மணிக்கு? பதினொன்றரை. காலையில் ஒரு பணிசும் பால்தேத்தண்ணியும். கொஞ்சம் நடக்கலாமே என்றதும் வந்தது பாருங்கள் பதில்: "நான் கப தேகி சேர், எனக்கு உடம்பு வைக்கத்தான் செய்யும்." வாதம், பித்தம், கபம் மூன்றில் எது மிகுந்ததோ அதை வைத்து உடம்பு வாகைச் சொல்வதுதான் தேகி.

எனக்கு ஏறிய கோபத்துக்கு அப்போது என் பிரஷரைப் பார்த்திருக்க வேண்டும்.

பிள்ளைகளே, தேகி என்பது சாட்டு இல்லை. கப உடம்பு மந்தமாகும், கொழுப்பைச் சேர்க்கும், படுக்கையைத் தேடும் என்று படித்தீர்கள், சரி. அதற்கு அடுத்து வருவதை யார் படிப்பது? அந்த உடம்புக்குத்தான் வியர்க்க வியர்க்க உழைப்பு வேண்டும், பகல் தூக்கம் கூடாது, இனிப்பைக் குறைத்துக் கார்ப்பு, கைப்பு, துவர்ப்பைக் கூட்ட வேண்டும். எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று காட்டத்தான் தேகி பார்க்கிறோம், விட்டுவிடலாம் என்று சொல்வதற்கு இல்லை. ஒரு நோயாளி இதே கதையைச் சொன்னால் நீங்களே அவரை ஏசி அனுப்புவீர்கள். வாத தேகிக்காரர் சிரிக்க வேண்டாம். மெலிந்த கை கால், முன்னுக்குத் தள்ளிய வயிறு, இதுவும் எங்கள் ஊரில் நிறைய. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் மெலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் ஆட்களுக்கு உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது, 25 வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அப்புறம் இந்த லேகியம். உடம்பு தேறட்டும் என்று விடுதி அறையில் போத்தலோடு வைத்துக் கரண்டி கரண்டியாகச் சாப்பிடுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் சீனியோ வெல்லமோ, போதாததற்கு நெய் என்று செய்து பழகிய உங்களுக்கே தெரியும்.

ஒரு காலத்தில் இந்தப் படிப்பே உடற்பயிற்சிதான். மருந்தரைக்கும் கல்லான கல்வத்தில் சாமக்கணக்கில் அரைக்க வேண்டும், ஒரு சாமம் என்றால் மூன்று மணித்தியாலம். இப்போது அரைக்க மெஷின், வகுப்புக்குப் போக மோட்டார் சைக்கிள். சைக்கிளுக்குப் பேர் போன யாழ்ப்பாணத்தில் ஐந்நூறு மீற்றர் தள்ளியிருக்கும் கடைக்கும் பெற்றோல் எரிகிறது! தொக்கணம் என்கிற உடம்பு பிடித்துவிடும் சிகிச்சையின் ஒன்பது வகையையும் மளமளவென்று ஒப்புவிக்கிற பிள்ளை, ஒரு ஆளுக்கு எண்ணெய் தேய்த்து முடிக்கும் முன் மூச்சு வாங்கி நிற்கிறது. கிழமைக்கு ஒரு யோகா வகுப்பு இருக்கே என்பீர்கள். சவாசனத்தில் குறட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, செய்ய வேண்டியது. கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம், பேசலாம் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள். பண்ணைக் கடற்கரைப் பக்கம் பின்னேரம் காற்று நன்றாகத்தான் இருக்கிறது, படம் எடுக்க மட்டும் போகாதீர்கள். இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள், தண்டால் போதும், ஜிம்முக்குக் காசு கட்டத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். கொத்து மாதத்தில் ஒருநாள் இருக்கட்டும், நானும் சாப்பிடுகிறவன்தான். வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் நோயாளிக்கு எழுதிக் கொடுக்க மட்டும் இல்லை. பரீட்சைக் காலத்தில் விடிய விடிய விழித்துப் பகலில் அடித்துப் போட்ட மாதிரிக் கிடப்பதைத் தயவுசெய்து விடுங்கள், நோய் அண்டாமல் வாழச் சொல்லும் நோயணுகா விதி படித்த ஆட்கள் செய்கிற வேலையா அது.

இந்தக் கிழமையே ஒருக்கா பிரஷர் பாருங்கள். வெவ்வேறு நாட்களில் 140க்கு 90க்கு மேல் வந்தால் கூட்டாளி அறையில் இருக்கிற சூரணத்தை எடுத்து நீங்களாக விழுங்காமல், வைத்தியர் ஒருவரிடம் நோயாளியாகவே போய் உட்காருங்கள்.