ஆப் செய்யப் போகிறீர்களா? முதலில் பேனாவை எடுங்கள்

ஆப் வேண்டும் என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே பளபளவென்று ஸ்கிரீன்களைக் கேட்கிறார்கள். ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் சட்டென்று போட்டுவிடலாம்தான். அதை ஆப்பைப் பயன்படுத்தப்போகும் மீனவர்களிடம் கரையில் காட்டினால் கிடைப்பது ஒரே பதில்: “நல்லாருக்கு தம்பி.” முடிந்த வேலை மாதிரித் தெரிவதில் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. கோணல்மாணலாகக் கிறுக்கிய தாளை நீட்டிப் பாருங்கள், ஆளுக்கு ஒரு யோசனை வரும்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊரில் நாட்டுப்படகு மீனவர்களுக்கான காற்று, அலை எச்சரிக்கை ஆப் ஒன்றுக்கு வேலை பார்த்தேன். மாவட்டத்துக்கு ஒரு முன்னறிவிப்பு என்றுதான் திட்டத்தில் இருந்தது. அப்படியே வரைந்து காட்டினேன். வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் பேனாவை வாங்கிக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“இதுக்கு வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணு போடுங்க. சோழக் காத்துல தென்கடல் கொந்தளிக்கும், வடகடல்ல தொழில் பாக்கலாம். வாடையில அப்படியே மாறிப்போகும்.”

தெற்குப் பக்கமிருந்து அடிப்பது சோழக் காற்று, வடக்குப் பக்கமிருந்து வருவது வாடை. ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. காற்றைப் பார்த்துப் படகைப் பக்கம் மாற்றுகிறவருக்கு ஒற்றை எண்ணால் என்ன பயன்? அந்தக் கோட்டோடு முதல் ஸ்கிரீனே மாறியது: எந்தக் கடல் என்பது முதலில், மற்றதெல்லாம் பிறகு.

ஸ்கெட்ச் கேள்வி கேட்கும், புரோட்டோடைப் (இயக்கிப் பார்க்கிற மாதிரி வடிவம்) பதில் சொல்லும் என்று வடிவமைப்பு ஆய்வாளர் பில் பக்ஸ்டன் 2007-இல் பிரித்துக் காட்டினார். பல அலுவலகங்களில் கேள்வியைத் தாண்டிக் குதித்து நேராகப் பதிலுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வரி எழுதினால் ஏஐ ஸ்கிரீன் போட்டுத் தருகிற காலத்தில் இது இன்னும் கூடியிருக்கிறது.

ஸ்கிரீனை மட்டும் வரைவதும் போதாது. விடியுமுன் கிளம்பும் நேரம், பாலித்தீன் உறைக்குள் போன், ஈரக்கை, கொஞ்ச தூரத்தில் சிக்னல் போய்விடுவது எல்லாவற்றையும் அடுத்தடுத்த கட்டங்களாக வரையுங்கள். கட்டங்களுக்கு இடையிலான அம்புக்குறியில்தான் ஆப் வடிவமைக்கிற எங்கள் தொழிலே இருக்கிறது. சிக்னல் போன கட்டத்தை வரைந்தபோதுதான், கடைசியாக வந்த தகவல் எத்தனை மணிக்கு உள்ளது என்பதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று பிடிபட்டது.

தடித்த மார்க்கரால் வரையுங்கள், நுணுக்கம் செய்ய ஆசை வராது. ஒன்றுக்கு மூன்றாகக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் தலையாட்டுவார்கள், மூன்றைக் காட்டினால் ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

வெயிலில் எழுத்து தெரிகிறதா, ஈர விரலுக்குப் பட்டன் வேலை செய்கிறதா என்பதெல்லாம் தாளில் தெரியாது. அதற்குப் போனோடு உச்சி வெயிலில் கரையில் நின்றாக வேண்டும்.