ஓர்ட்ஸ்: மிச்சிலா, எச்சிலா?

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்களுக்கு ‘ஓர்ட்’ பழகிய சொல். ஓ, ஆர், டி என மூன்றே எழுத்து. மற்றவர்கள் கண்ணில் அபூர்வமாகத்தான் படும், அதுவும் பெரும்பாலும் ‘ஓர்ட்ஸ்’ என்று பன்மையில். சாப்பிட்டு எழுந்தபின் தட்டில் கிடக்கும் ரொட்டி ஓரம், கடித்து வைத்த துண்டு, நாலு பருக்கை, இவைதான் ஓர்ட்ஸ். சட்டியில் கை படாமல் இருக்கும் குழம்புக்கு ‘லெஃப்ட் ஓவர்’ என்ற சொல்லே பொருத்தம். இரண்டையும் ‘மிச்சம்’ என்று பெயர்த்தால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இச்சொல் உண்டு. டச்சு, கீழ்ஜெர்மன் மொழிகளில் இதற்கு உறவுச் சொற்கள் இருக்கின்றன. தின்பதைக் குறிக்கும் வினையோடு ‘எஞ்சிய’ என்னும் பொருள்தரும் முன்னொட்டு சேர்ந்து பிறந்தது. தின்றது போக விட்டது என்று பொருள். ஷேக்ஸ்பியரின் ‘டிராய்லஸ் அண்ட் கிரெசிடா’ நாடகத்தில், காதலி வேறொருவனை நாடுவதைக் கண்ட டிராய்லஸ் அவள் காதலின் ‘ஓர்ட்ஸ்’ இப்போது அவனுக்கு என்று குமுறுகிறான். அங்கே ‘மிச்சம்’ என்று போட்டால் வசனம் செத்துவிடும். ‘எச்சில்’ என்றால்தான் அவன் அருவருப்பு தெரியும்.

தமிழில் இதற்கு இரண்டு வேர்கள் இருக்கின்றன. எஞ்சு என்பதிலிருந்து எச்சம், எச்சில். மிஞ்சு என்பதிலிருந்து மிச்சம், மிச்சில். எச்சில் என்றால் வாய் பட்டது என்ற எண்ணம் உடனே வருகிறது. எச்சில் இலை, எச்சில் பண்டம் என்கிறோம். மிச்சிலில் அந்தத் தீட்டு இல்லை. ‘விருந்தோம்பி மிச்சில் மிசைவான் புலம்’ என்னும் குறள் (85), விருந்தினரை உண்பித்தபின் மிகுந்ததைத் தான் உண்பவனைப் பாராட்டுகிறது. ஆக, லெஃப்ட் ஓவர் மிச்சில், ஓர்ட்ஸ் எச்சில். மிச்சில் இன்று பேச்சில் இல்லை என்பது வருத்தம்தான். பேச்சுக்கு ‘மீதி’ போதும்.

இச்சொல் இன்றும் அன்றாடம் புழங்கும் இடம் ஒன்று உண்டு: கால்நடைத் தீவன ஆய்வு. மாடு தின்னாமல் தொட்டியில் விட்ட தீவனத்துக்கு அங்கே ஓர்ட்ஸ் என்றே பெயர். மறுநாள் காலை புதுத் தீவனம் போடுமுன் அதை வழித்து எடுத்து எடை போடுவார்கள். போட்டதில் இதைக் கழித்தால் மாடு தின்ற அளவு கிடைக்கும். ஆனால் எடையை மட்டும் கழித்தால் கணக்கு தப்பும். 40 கிலோ தீவனத்தில் 40 சதவீதம் உலர்பொருள் (ஈரம் போக நிற்பது) என்றால், அது 16 கிலோ. மிஞ்சியது 3 கிலோ. அதிலும் 40 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் மாடு தின்ற உலர்பொருள் 14.8 கிலோ. மாடோ ஈரமும் சுவையும் உள்ளதைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் காய்ந்த தண்டை ஒதுக்கியிருக்கும். மிஞ்சியதில் உலர்பொருள் 60 சதவீதம் இருந்தால் தின்றது 14.2 கிலோதான். அதனால் மிஞ்சியதிலும் தனியே மாதிரி எடுத்து உலர்த்திப் பார்க்க வேண்டும்.

சோளத்தட்டையை நறுக்காமல் போட்டுப் பாருங்கள்: தோகை போயிருக்கும், அடித்தண்டு அப்படியே கிடக்கும். இந்தப் பொருளில் வரும் ஓர்ட்ஸுக்கு ‘எச்சில்’ பொருந்தாது. மாடு அதில் பெரும்பகுதியில் வாயே வைத்திருக்காது. ‘ஒதுக்கிய தீவனம்’ என்று எழுதுங்கள். மாடு வளர்ப்பவருக்கும் ஆய்வாளருக்கும் ஒரேபோல் புரியும்.