கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது

கலிஃபோர்னியாவில் வானொலி நிலையங்கள் நடத்தும் பரிசுப்போட்டிகளின் விதிமுறைகளைச் சரிபார்த்துத் தருவது என் வழக்கறிஞர் தொழிலில் பெரும்பகுதி. சென்ற மாதம் ஒரு ராக் இசை நிலையத்திலிருந்து வந்த வரைவைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அதே ஊரில் அதே வகை இசையை ஒலிபரப்பும் இன்னொரு நிலையம் நேயர் கணக்கெடுப்பில் முந்திவிட்டது. அதை ஈடுகட்ட, தங்கள் வேனை நகரத்தில் இடம் மாற்றி மாற்றி நிறுத்தி, மணிக்கொரு துப்புக் கொடுத்து, முதலில் ஓடிவந்து வேனைத் தொடுபவருக்குப் பணமும் இசை நிகழ்ச்சிச் சீட்டும் தருவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். கூடவே, எது நேர்ந்தாலும் நிலையம் பொறுப்பில்லை என்று கலந்துகொள்பவர்கள் கையெழுத்திட வேண்டிய நான்கு பக்க ஒப்புதல் படிவம். "வருகிறவர்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள், கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள், பிறகு நமக்கென்ன பொறுப்பு?" என்று விளம்பர மேலாளர் தொலைபேசியில் கேட்டார். இந்த ஆண்டில் இதே கேள்வி என்னிடம் வருவது இது மூன்றாவது முறை.

அவர் தீட்டிய திட்டம் புதியதன்று. 1970 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் கே.எச்.ஜே. நிலையம் ஏறத்தாழ இதையேதான் செய்தது. பதின்ம வயது நேயர்களில் 48 விழுக்காட்டினர் அதைக் கேட்டார்கள். அடுத்த இடத்தில் இருந்த நிலையத்துக்கு 13 விழுக்காடுதான். அவ்வளவு முன்னணியில் இருந்தும் போதவில்லை. இன்னும் நேயர்கள் வேண்டும், இன்னும் விளம்பர வருவாய் வேண்டும் என்று, 'தி ரியல் டான் ஸ்டீல்' என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த அறிவிப்பாளரைச் சிவப்புக் காரில் ஊர் சுற்ற அனுப்பி, அவர் போகும் இடத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தார்கள். அவரை முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் பகுதியில் இருந்த 17 வயதுப் பையன் ஒருவனும், தனியே வேறொரு காரில் 19 வயதுப் பெண் ஒருத்தியும் அவரைத் துரத்தினார்கள். அவர் நின்ற முதல் நிறுத்தத்தில் பரிசு கைநழுவியதும், அடுத்த இடத்துக்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 80 மைல் வரை வேகமெடுத்தார்கள். வெஸ்ட்லேக்கில் நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் பாதையில் ஸ்டீலின் கார் திரும்பியபோது, அதைப் பின்தொடர முயன்ற இவ்விருவரில் ஒருவருடைய கார் வேறொரு வண்டியை நடுத்தடுப்பின் மேல் தள்ளிவிட்டது. அது கவிழ்ந்து, ஓட்டி வந்தவர் இறந்துபோனார். அந்தப் பெண் விபத்தைத் தெரிவிக்க நின்றாள். பையன் அவ்வழியே வந்த காவலர் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, மீண்டும் துரத்திப் போய் ஸ்டீலைப் பிடித்துப் பரிசுப் பணத்தையும் வாங்கிக்கொண்டான். தீர்ப்பில் இந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் கனத்துப்போகிறது. அந்தப் பையனை அப்படி ஓடவைத்தது எது என்பதை அது காட்டிவிடுகிறது.

இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் தொடுத்த வழக்கு 1975இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் வரை போனது. வேகமாக ஓட்டியது பிள்ளைகள், நாங்கள் அல்லர் என்பது நிலையத்தின் வாதம். இளம் நேயர்கள் ஒருவரையொருவர் முந்த விரைவார்கள், அந்த அவசரத்தில் சாலைப் பாதுகாப்பை மறப்பார்கள் என்பது முன்கூட்டியே தெரியக்கூடியதே என்று சொல்லி, நீதிபதி மோஸ்க் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. அன்றைய ஒலிபரப்பிலேயே, ஸ்டீல் வருகிறார், உங்கள் பிள்ளைகளைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்துங்கள் என்று விளையாட்டாக எச்சரித்திருந்தார்கள். பேச்சுரிமை என்ற கேடயமும் எடுபடவில்லை. வழக்கை விசாரித்த நடுவர் குழு (ஜூரி) விதித்திருந்த 3,00,000 டாலர் இழப்பீடு உறுதியானது.

இப்போது அந்த ஒப்புதல் படிவத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் இறந்தவர் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. தம் வழியே வண்டி ஓட்டிப்போனவரிடம் எந்த நிலையம் எந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்க முடியும்? மேலாளரிடம் நான் இதைக் கேட்டபோது மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. உங்கள் போட்டி பொதுச்சாலையில் நடக்கிறதென்றால், அந்தச் சாலையில் போகும் ஒவ்வொருவரும் உங்கள் போட்டிக்குள் இழுக்கப்படுகிறார்கள். அவர்களில் யாருடைய கையெழுத்தும் உங்களிடம் இல்லை.

கையெழுத்துப் போட்டவர்கள் விஷயத்திலும் படிவம் காப்பாற்றிவிடும் என்று எண்ண வேண்டாம். 2007 ஜனவரியில் சேக்ரமென்டோவின் கே.டி.என்.டி. நிலையம், சிறுநீர் கழிக்காமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்கு நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவி என்று ஒரு போட்டி நடத்தியது. அது ராக் நிலையம் அன்று, புதுப் பாடல்களுக்கான நிலையம். ஆனால் காலை நேர நேயர்களுக்கான போட்டாபோட்டி எங்கும் ஒன்றுதான். நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு செவிலியர் அழைத்து, இப்படிக் குடித்தால் உயிர் போகும் என்று எச்சரித்தார். அது எங்களுக்குத் தெரியும், கலந்துகொண்டவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நாங்கள் பொறுப்பில்லை என்ற பொருளில் அறிவிப்பாளர்கள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். மூன்று குழந்தைகளின் தாயான 28 வயதுப் பெண் அன்றே தம் வீட்டில் இறந்தார். பத்து ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 2009இல் நடுவர் குழு 1 கோடியே 65 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. இறந்த பெண்மேல் துளியும் தவறு காணவில்லை. 2017இல் அந்நிலையம் தன் உரிமத்தையே ஒப்படைத்துவிட்டு மௌனமானது. ஆபத்து தெரிந்தே நடத்தினோம் என்று ஒலிபரப்பில் சொன்ன பிறகு எந்தப் படிவத்தை நீட்டுவது? கடுங்கவனக்குறைவிலிருந்து எவரும் கையெழுத்தால் தப்ப முடியாது என்பது இம்மாநிலத்தில் உறுதியாகிவிட்ட சட்டம்.

உயிர்ச்சேதம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் தம் நிலையம் ராக்கை விட்டு டிஸ்கோவுக்கு மாறியதால் வேலை இழந்த ஸ்டீவ் டால், போட்டி நிலையமான டபிள்யூ.எல்.யு.பி.யில் சேர்ந்து, 1979 ஜூலை 12 அன்று கோமிஸ்கி பார்க் பேஸ்பால் அரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். ஒரு இசைத்தட்டும் 98 சென்ட்டும் கொடுத்தால் உள்ளே விட்டார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்த கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. 39 பேர் கைதானார்கள். அன்று நடக்க இருந்த இரு ஆட்டங்களில் இரண்டாவது நடக்கவே இல்லை. எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கணிக்கும் திறமை வானொலிக்காரர்களுக்கு உண்டு என்று நான் நம்புவதில்லை.

நிலையங்களில் வேலை செய்யும் நண்பர்களுக்கு: முதலில் வருபவருக்கு, அதிக நேரம் தாங்குபவருக்கு, அதிகமாகக் குடிப்பவருக்கோ சாப்பிடுபவருக்கோ பரிசு என்று எழுதாதீர்கள். நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியின் இடத்தை ஒலிபரப்பாதீர்கள். உடலைச் சோதிக்கும் எதையும் ஒரு மருத்துவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் தொடங்காதீர்கள். நிகழ்ச்சியை உடனே நிறுத்தும் அதிகாரம் கொண்ட ஒருவரை, ஒலிவாங்கியின் முன் இல்லாத ஒருவரை, முன்னதாகவே நியமியுங்கள். அந்தச் செவிலியருடையதைப் போல் ஓர் அழைப்பு வந்தால் அவர் நிறுத்தட்டும். போட்டியின் முக்கிய விதிமுறைகளை முழுமையாக அறிவிக்க வேண்டும் என்று வானொலி நிலையங்களை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் சொல்வதை நீங்களே அறிவீர்கள்.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். கார் ஓட்டும்போது இப்படியொரு அறிவிப்பு காதில் விழுந்தால், தயவுசெய்து உங்கள் வழியிலேயே போங்கள். புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்த 17 வயதுப் பையனைப் பற்றி ஒருமுறை அவர்களிடம் சொல்லுங்கள்.

அந்த வரைவில் 'முதலில்' என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. ஏழையும் அடித்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மேலாளர் அழைத்தார். வேன் ஒரே வாகன நிறுத்துமிடத்தில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை நிற்கும், வருகிற எல்லாருடைய பெயரையும் எழுதி வாங்கிக் குலுக்கல் நடத்துவோம் என்றார். அந்த விதிமுறையில் நான் கையெழுத்திட்டேன்.