பச்சை உடம்புக்குச் சுறா புட்டு வேண்டாம்

பிரசவமாகி ஆறாம் நாள். குழந்தையின் எடை இறங்கிக்கொண்டே போகிறது. முந்தின நாள் முழுக்க இரண்டு முறைதான் சிறுநீர் போயிருக்கிறது. வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் கூட வந்த பெரியம்மா சொல்கிறார்: "தினம் ரெண்டு வேளை பால் சுறா புட்டு குடுக்குறோம் டாக்டர், இன்னும் பால் ஊறல." தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், சீத்தா கேம்ப் என்று மும்பையின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் நம் தமிழ் வீடுகளில் இந்தப் பதில் மாறுவதில்லை. இந்த வாரமும் கேட்டாயிற்று. இனியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது.

முதலில் பால் விஷயம். மார்பு எத்தனை முறை காலியாகிறதோ அந்த அளவுக்குத்தான் பால் சுரக்கும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குழந்தை குடிக்க வேண்டும், இரவும் சேர்த்து. முதல் இரண்டு நாள் சீம்பால் ஸ்பூன் கணக்கில்தான் வரும், குழந்தைக்கு அது போதும். மார்பு நிறைந்து கட்டுவது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். சிசேரியன் என்றால் சற்றுத் தள்ளிப்போகலாம். நம் வீடுகளில் புட்டு தட்டுக்கு வருவதும் அதே மூன்றாம் நாள், நான்காம் நாள்தான். தானாக வரவேண்டிய பால் வந்தது, பெயர் சுறாவுக்குப் போனது. பாட்டி காலத்திலிருந்து இதுதான் நடக்கிறது. பால் வராத வீட்டிலோ, "இன்னும் ரெண்டு நாள் புட்டு சாப்பிடட்டும்" என்று காத்திருக்கிறார்கள், இடையில் புட்டிப்பால் நுழைகிறது. குழந்தை மார்பைச் சப்புவது குறைகிறது, பால் இன்னும் குறைகிறது. குழந்தையின் வாய் காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பார்க்க ஒரு நர்ஸ் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை இது.

சரி, பால் ஊறாவிட்டாலும் சத்துதானே என்கிறார்கள். பாதரசம் இருப்பதால்தான் வேண்டாம் என்கிறோம். கடலில் பெரியது சிறியதைத் தின்னத் தின்ன, மெத்தில் பாதரசம் என்ற அதன் விஷ வடிவம் மேல்வரிசை மீனில் சேர்ந்துகொண்டே போகும். சுறா அந்த மேல்வரிசையில் இருக்கிறது, நெடுநாள் வாழ்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கே விற்கும் மீன்களில் அளந்தபோது சுறாவில் சராசரியாகக் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம் பாதரசம் இருந்தது, மத்தி மீனில் 0.013. எழுபது மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

தட்டில் வைத்துப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 88. மேலே சொன்ன சராசரிச் சுறாவில் 150 கிராம் புட்டு, அதாவது ஒரு கிண்ணம், 147 மைக்ரோகிராம் தரும். ஒரு வாரத்துக்கான வரம்பு ஒரே கிண்ணத்தில் தாண்டிவிடுகிறது. "நாங்க சின்னச் சுறாதான் வாங்குறோம்" என்பீர்கள். அதில் கால்பங்குதான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தினம் இரண்டு கிண்ணம், ஏழு நாள் என்றால் அதுவும் வரம்பைப்போல் சுமார் ஆறு மடங்கு.

இனி, தினமும் தொண்டை வற்றப் பேசவைக்கும் அந்த வாதம்: "மஞ்சள் போட்டு வேகவச்சு, தண்ணிய வடிச்சுட்டுத்தானே உதிர்க்கிறோம், விஷமெல்லாம் அதுலயே போயிடும்." போகாது. வேகவைத்து வடிக்கும்போது போவது யூரியா. உப்புக் கடலில் உடம்பின் நீர் வற்றாமலிருக்க, சுறா தன் ரத்தத்திலும் சதையிலும் யூரியாவை நிறையத் தேக்கி வைத்திருக்கும். மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதை அமோனியாவாக மாற்றும். மூக்கைத் துளைக்கும் அந்த மூத்திர வாடை அதுதான். யூரியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் வெந்நீரில் இறங்கிவிடும், வாடையும் குறையும். இவ்வளவுதான் நடந்தது. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. மஞ்சளுக்கு அசையாது, புளிக்கு அசையாது, எலுமிச்சைக்கும் இஞ்சி பூண்டுக்கும் அசையாது. தோலை மணலோடு சுரண்டி எடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் அது கொழுப்பிலோ தோலிலோ இல்லை, நீங்கள் உதிர்க்கிற அந்த வெள்ளைச் சதையில் இருக்கிறது. வெந்த சதையில் தண்ணீர் வற்றிவிடுவதால் அதே 100 கிராமில் பாதரசம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். பாதரசத்துக்கு வாடை கிடையாது, ருசி கிடையாது. வாடை போனது விஷம் போனதற்கு அடையாளம் ஆகாது.

சுறாக் கருவாட்டில் இது இன்னும் மோசம். நீர் முழுக்க வற்றியதால் ஒவ்வொரு கிராமிலும் பாதரசம் செறிந்திருக்கிறது. ஊறவைத்தால் உப்புதான் இறங்கும்.

குட்டிச் சுறாவில் ஒன்றும் சேர்ந்திருக்காது என்பது அடுத்த நம்பிக்கை. மும்பையின் மீன் துறைமுகங்களான சாசூன் டாக்கிலும் பாவ்சா தக்காவிலும் மூஷி, மோரி என்ற பெயரில் குவிந்து கிடப்பவற்றில் ஒரு வகை, மண்வெட்டி போலத் தட்டையான மூக்குள்ள சிறு சுறா. வளர்ந்தாலே முழங்கை நீளத்தைக் கொஞ்சம் தாண்டும். இதில் பாதரசம் பெரிய சுறாவைவிடக் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் அதே நீளத்தில் கொம்பன் சுறாவின் குட்டியும் கூடையில் கிடக்கும். தலையும் துடுப்பும் போன துண்டைப் பார்த்து எது எதுவென்று சொல்வது கஷ்டம். இந்த இனங்கள் குட்டி போடுபவை. வயிற்றில் குட்டி நஞ்சுக்கொடி வழியாகத்தான் வளர்கிறது, தாயின் பாதரசமும் அதே வழியாக இறங்கும். பிறந்த குட்டியும் சுத்தமான மீன் இல்லை. (பல மாதம் சுமந்து குட்டி போடும் மீன் இது. குட்டியைத் தின்றே தீர்த்தால் கடலில் என்ன மிஞ்சும் என்ற கவலையும் எனக்கு உண்டு.)

நம் கர்ப்பிணிகளுக்கும் அதே கணக்குதான். தாயின் ரத்தத்தில் உள்ளதைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் மெத்தில் பாதரசம் சுமார் 1.7 மடங்கு. உருவாகிக்கொண்டிருக்கும் மூளையைத்தான் அது தாக்கும். பிறகு தெரிவது பேச்சில், கவனத்தில், கைவிரல் வேலையில். தாய்ப்பால் வழியாகப் போவது கருவில் போவதைவிட வெகு குறைவு. அப்படியென்றால் பெற்றவள் ஏன் சுறாவை விடவேண்டும்? பால் கூடுவதில்லை, புரதத்துக்கு முட்டை போதும், அதே தட்டில் மூத்த குழந்தையும் கை வைக்கிறது. உடம்பில் ஏறிய பாதரசம் பாதியாகக் குறையவே சுமார் 50 நாள் ஆகும். அடுத்த குழந்தைக்கு நினைப்பவர்களும் புதிதாகக் கல்யாணமானவர்களும் ஆறு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

இதுவரை சாப்பிட்டவர்களே, தயவுசெய்து பயப்படாதீர்கள். சுறாவை நிறுத்துங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நச்சு நீக்கும் பொடி, கஷாயம், ஊசி என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

மீனே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு 110 கிராம்போல் சிறு மீன் சாப்பிடுங்கள். மத்தி (இங்கே தார்லி என்று கேளுங்கள்), அயிலை (பாங்டா), நெத்திலி, நெத்திலி கிடைக்காவிட்டால் மாந்தேலி. சுர்மை என்று விற்கும் பெரிய வஞ்சிரம், பெரிய சூரை, மயில் மீன் வேண்டாம். புட்டுதான் வேண்டுமென்றால் அயிலையை மஞ்சள், உப்புத் தடவி ஆவியில் பத்து நிமிடம் வையுங்கள். ஆறியதும் தோல், நடுமுள், ஓரமுள் எடுத்து உதிர்த்து, வழக்கம்போல் பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு போட்டுக் கிளறுங்கள். நல்லெண்ணெயும் அதேதான்.

குழந்தைக்குப் பால் போதுமா என்பதைக் குழந்தையிடம் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகவேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பவேண்டும். குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஊரிலிருந்து அம்மா ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்: பெட்டியில் சுறாக் கருவாடு வேண்டாம்மா, நெத்திலிக் கருவாடு இருந்தா கொண்டா, அதுவும் கொஞ்சமா.