வாடை எந்த வழியாக வருகிறது? செட்டிநாட்டு வீடுகளில் குளிர்காற்றைத் தடுப்பது பற்றி

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் எங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு வரும் அழைப்புகளின் தன்மை மாறிவிடும். அதுவரை ஓட்டு ஒழுக்கைப் பற்றிப் பேசியவர்கள், வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில், படுத்திருக்கும் வயதான தாயாருக்கு வாடை தாங்கவில்லை என்றும், முற்றத்துக்கு மேல் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு நிரந்தரமாக மூடிவிட எவ்வளவு செலவாகும் என்றும் கேட்கத் தொடங்குவார்கள். கேட்பவர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் மகனாகவோ மகளாகவோ இருப்பார். முற்றத்தைத் தொடுவதற்கு முன் கதவுகளைப் பாருங்கள் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் பதில்.

நம் பகுதியில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். கொடைக்கானல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் குளிர் உறைப்பது வெப்பநிலையால் மட்டுமன்று. உடம்பைச் சுற்றி அதன் சூட்டிலேயே ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் நிற்கிறது. விநாடிக்கு சுமார் 20 சென்டிமீட்டர் வேகத்தில் காற்று நகர்ந்தாலே அந்தப் படலம் கலைந்து, அசையாமல் படுத்திருப்பவருக்குக் குளிர் தெரியத் தொடங்கிவிடும். ஆகவே வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை நமக்கில்லை. படுக்கைமேல் ஓடும் காற்றை நிறுத்தினால் போதும்.

முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படிக்கட்டு எல்லாவற்றையும் கடந்து பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும்படி கட்டப்பட்ட வீடுகள் இவை. கோடையில் வரப்பிரசாதமாக இருக்கும் அந்த நேர்கோடே, வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் தொல்லையாகிறது. காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியேற இன்னொரு வழியும் வேண்டும். இரண்டில் ஒன்றை அடைத்தாலே ஓட்டம் பெருமளவு நின்றுவிடும். அதனால் செலவு எதுவும் செய்வதற்கு முன், வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் இடையிலுள்ள கதவை ஓர் இரவு முழுவதும் சாத்திவைத்துப் பார்க்கச் சொல்வேன். சில வீடுகளில் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. முற்றத்தின் வழியாகவும் குளிர் இறங்கத்தான் செய்யும். ஆனால் காற்றில்லாத இரவில் அது மெல்ல இறங்கித் தங்கும் குளிர், ஆளைத் தாக்கும் வீச்சு அன்று.

அதற்குப் பிறகும் குளிர்ந்தால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரைச்சீலையை ஒதுக்கி, கதவின் அடிவிளிம்பு, இரட்டைக் கதவுகள் சந்திக்கும் நடுக்கோடு, கீல் பக்கம், நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரிசல் என ஒவ்வோர் இடத்திலும் பத்தியை மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். நேராக எழும் புகை எங்கே வளைந்து அறைக்குள் சாய்கிறதோ அங்கே காற்று நுழைகிறது. எங்கே இடுக்கை நோக்கி இழுபடுகிறதோ அங்கே வெளியேறுகிறது. உயரமான அறைகளில், வெதுவெதுப்பான காற்று மேலேயுள்ள வெண்டிலேட்டர் வழியே வெளியேற, அதற்கு ஈடாகக் குளிர்காற்று கதவின் அடியில் நுழைவதை இந்தப் புகையிலேயே கண்ணால் பார்க்கலாம். அடைக்க வேண்டியது அந்த அடி இடுக்கைத்தான், மேலேயுள்ள திறப்பை அன்று.

அடி இடுக்கு பார்வைக்கு அற்பமாகத் தெரியும். மூன்றடி அகலக் கதவின் கீழே அரை அங்குல இடைவெளி இருந்தால், அதன் பரப்பு 110 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டு வைத்திருப்பதற்குச் சமம். பழைய தேக்கு நிலைகளில் கீழேயும் ஒரு கட்டை உண்டு என்பதால் கதவு அதன்மேல் பொருந்தி அமரும். பிற்காலத்தில் மாற்றிய அறைகளிலும் புதிதாகச் சேர்த்த குளியலறைகளிலும் மூன்று பக்கக் கட்டைகளே இருக்கின்றன; ஊதுபத்திப் புகை அதிகமாகச் சாய்வதும் அங்கேதான். கதவின் கீழே திருகாணியால் பொருத்தும் ரப்பர் பட்டை, தரை மட்டமாக இருந்தால் மட்டுமே சரிப்படும். ஆத்தங்குடிக் கல் பதித்துப் பல ஆண்டுகள் தேய்ந்த தரையில் ரப்பர் ஓரிடத்தில் உரசும், இன்னோரிடத்தில் எழும்பி நிற்கும். அங்கே தூரிகைபோல் மயிர்க்கால்கள் உள்ள பட்டையே நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பழைய வேட்டியைக் குழாய்போல் தைத்து, உள்ளே மணல் நிரப்பிக் கதவோரம் போட்டாலே போதும். பூரானும் தேளும் உள்ளே வராது என்பது கூடுதல் லாபம்; வாடைக்காகச் செலவு செய்யத் தயங்குபவர்கள்கூட இதற்காக உடனே ஒப்புக்கொள்கிறார்கள்.

இரட்டைக் கதவின் நடுக்கோட்டுக்கு ஆசாரியிடம் சொல்லி ஓரப்பட்டை அடிக்கலாம். நிலையின் உள்விளிம்பில் ஒட்டும் நுரைப்பட்டை மலிவானதுதான், ஆனால் நாளடைவில் நசுங்கிப்போகும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஐப்பசி மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும்; கதவு இறுகும்; உடனே ஆசாரியை அழைத்து விளிம்பை இழைக்கச் சொல்வார்கள். மழை நின்று காற்று உலர்ந்ததும் மரம் சுருங்கி, இழைத்த அளவுக்கு நிரந்தரமான இடுக்கு உண்டாகிவிடும். இன்று காற்று புகும் இடுக்குகளில் கணிசமானவை முன்பு ஏதோ ஒரு மழைக்காலத்தில் இப்படி இழைத்ததால் வந்தவையே. இறுகும் கதவின் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளித்துக்கொண்டு, இழைப்பு வேலையைப் பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள்.

நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரிசலைச் சிமெண்டால் பூசுவதை நான் ஏற்பதில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் தன்மையுடையது. அதன்மேல் சிமெண்ட் ஈரத்தைச் சிறைப்படுத்துவதால், பூச்சு சில ஆண்டுகளில் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும். சிலிகான் பொடியுதிரும் சுண்ணாம்பின்மேல் ஒட்டாது. சலித்த மணல் கலந்த சுண்ணாம்புச் சாந்தே பொருத்தமானது. அடைக்கும் முன் உள்ளே கறையான் இருக்கிறதா என்று கிளறிப் பார்த்துவிட வேண்டும்.

முற்றத்தை மூடியே ஆக வேண்டுமென்றால், அதன் மேலுள்ள கம்பி அழியின்மேல் (கம்பித் தடுப்பின்மேல்) கழற்றி மாட்டக்கூடிய தார்ப்பாயையோ தட்டியையோ, நான்கு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு, தை மாதம் வரை போட்டுக்கொள்ளுங்கள். நிரந்தரத் தகடு போட்ட வீடுகளில் சித்திரை மாதத்தில் வளவில் உட்கார முடிவதில்லை, மேலே எழும் வெக்கை போக வழியற்று அங்கேயே நிற்கிறது. ஓடுகளிலிருந்து முற்றத்தில் இறங்கிச் சேரும் மழைநீரும் கிடைக்காமல் போய்விடும்.

சென்ற குளிர்காலத்தில் கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில், ஆச்சியின் கட்டில் கதவுக்கும் எதிர்ச் சன்னலுக்கும் நேர் நடுவே கிடந்தது. அதைச் சுவரோரம் இரண்டு முழம் நகர்த்தியதும், "இதுக்கா இஞ்சினியரக் கூப்பிட்டீக?" என்று வீட்டாரைக் கேட்டார். நியாயமான கேள்விதான். தரையில் படுப்பவர்களுக்குக் கோரைப்பாய் மட்டும் போதாது. கல்தரை உடம்புச் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ளும் என்பதால் அதன்மேல் கனமான ஜமக்காளமும் வேண்டும்.

என் முக்கியக் கவலை வேறொன்று. வாடைக்குப் பயந்து பிள்ளைபெற்றவள் இருக்கும் அறையில் வெண்டிலேட்டரை அட்டையால் அடைத்து, கதவையும் சாத்தி, கரித்தணல் போட்டுச் சாம்பிராணிப் புகை பிடிக்கிறார்கள். பிறகு அந்தத் தணலை அறை வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். தூங்குபவர் விழித்துக்கொள்வார் என்று நம்ப முடியாது. காற்றுப்போக்கற்ற குளியலறையில் எரியும் கேஸ் கீசருக்கும், அறைக்குள் ஓடவிடும் ஜெனரேட்டருக்கும் இதே ஆபத்து உண்டு. வாடைக்காக எதை அடைத்தாலும், ஆள் தூங்கும் அறையில் மேல் திறப்பு ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். அந்த அறையில் தணல் இருக்கவே கூடாது. மூடிய அறையில் தணலோ கீசரோ எரியும்போது அங்கே இருப்பவர்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் வந்தால், பித்தம் என்று சுக்குக் கஷாயம் போட உட்காராமல், கதவைத் திறந்து அனைவரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். மயங்கியவரைத் தூக்க உள்ளே செல்பவரும் மூச்சை அடக்கிக்கொண்டு விரைவாகத் திரும்ப வேண்டும்.