பேரரசுக் கழுகு: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'இம்பீரியல் ஈகிள்' எனப்படும் பறவையைப் பேரரசுக் கழுகு என்று வழங்குவதே பொருத்தம். ஆணை செலுத்தும் அதிகாரத்தைச் சுட்டும் 'இம்பெரியம்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது 'இம்பீரியல்'. ஆகவே 'அரசக் கழுகு' என்றால் பொருள் குன்றிவிடும். 'ராசாளி' என்பதோ வேறு வேட்டைப் பறவைகளுக்கு ஏற்கெனவே வழங்கிவரும் பெயர்.

1809-இல் இடப்பட்ட 'அக்விலா ஹீலியாகா' என்னும் அறிவியல் பெயரில் பேரரசின் சாயலே இல்லை. அது இலத்தீனில் கழுகையும் கிரேக்கத்தில் ஞாயிற்றையும் குறிக்கும் சொற்களால் ஆனது. முதிர்ந்த பறவை கரும்பழுப்பு நிறத்தது. வெளிர்பொன் நிற உச்சந்தலையும் பிடரியும், தோளில் பட்டையிட்டாற்போன்ற வெண்திட்டும் அதற்கு அடையாளம்.

ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசு இப்பறவையையே தன் சின்னமாகக் கொண்டது என்பர். ஆனால் உரோமப் படையணிகளின் கொடிக்கம்பத்தில் தொடங்கி, 15-ஆம் நூற்றாண்டில் புனித உரோமப் பேரரசின் பொன்னிறக் கேடயத்தில் கரிய இருதலைக் கழுகாகி, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபினரிடம் வந்துசேர்ந்த அவ்வுருவத்தை எந்தப் பறவையினத்தோடும் உறுதியாகப் பொருத்த இயலாது. கேடயத்தை நிரப்புமாறு இருபுறமும் விரித்த சிறகும் நீட்டிய நகமுமாக அது ஓவியரின் படைப்பு. இன்றைய ஆஸ்திரியச் சின்னத்தில் தலை ஒன்றே. கால்களில் 1945-இல் சேர்க்கப்பட்ட அறுந்த சங்கிலி தொங்குகிறது.

'இருதலைப் புள்ளின் ஓர் உயிர் அம்மே' என்று அகநானூறு (12) பாடுவதால், 'இருதலைக் கழுகு' நமக்கு அயலான ஆக்கமன்று. கர்நாடகச் சின்னத்திலுள்ள கண்டபேருண்டம் என்னும் இருதலைப் புராணப் பறவை வேறு மரபினது. அப்பெயரை ஐரோப்பியச் சின்னத்திற்கு ஏற்றுவது குழப்பம் தரும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இக்கழுகை 'அழிவாய்ப்பு இனம்' (ஆங்கிலத்தில் 'வல்னரபிள்') என்று வகைப்படுத்துகிறது. இதனினும் கடுமையான நிலையே 'அருகிய இனம்' ('எண்டேஞ்சர்ட்') என்பதால், இரண்டையும் மாற்றி எழுதலாகாது. இரையாகும் தரை அணில்கள் வாழும் புல்வெளிகள் உழவுநிலமாவதும், நச்சிட்ட இரையும், மின்கம்பங்களும் இதற்கு எமன். ஏறத்தாழ இரண்டு மீட்டர் சிறகுவிரிப்புடைய பறவை கம்பத்தின் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் அமர்ந்து சிறகை விரிக்கையில், அது மின்கம்பியைத் தொட்டால் உடல் வழியே மின்சாரம் பாய்ந்துவிடுகிறது. வெண்ணிற இருதலைக் கழுகைச் சின்னமாகக் கொண்ட செர்பியாவில், 2017 வாக்கில் கூடு கட்டும் இணை ஒன்றே எஞ்சியிருந்தது. பின்னர் எண்ணிக்கை மீண்டு வருகிறது.

முன்பு இதன் உள்ளினமாகக் கருதப்பட்ட ஸ்பெயின் நாட்டுக் கழுகு இப்போது தனியினம். எனவே இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'கிழக்குப் பேரரசுக் கழுகு', 'ஸ்பானியப் பேரரசுக் கழுகு' என்று எழுதுவது நன்று.